சாரத்தின் மேல் வேடியப்பன்

பூந்தமல்லியைத் தாண்டியதும் பஸ்ஸில் இருந்த பெண்கள் ஜெபமாலையை முடித்துவிட்டுப் புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். ராணியம்மாளுக்கும் ஒன்று வந்தது. அவள் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிளில் போகிறவன், டீக்கடை வாசலில் நிற்கிறவன், மூட்டை தூக்குகிறவன் என்று ஒருவர் முகத்தையும் விடவில்லை. வேற்று ஆண்களை இப்படி உற்றுப் பார்ப்பது தப்பாகத் தெரியுமே என்ற நினைப்புகூட அவளுக்கு வரவில்லை.

"சாப்புடு ராணி. கோயிலுக்குள்ள போனா மத்தியானம் ஆயிடும்" என்றார் பக்கத்தில் இருந்த சிஸ்டர். ஜவ்வாது மலையில் கன்னியர் நடத்தும் மருந்தகத்தில் நர்ஸ் வேலை பார்ப்பவர் அவர். மலையிலும் போளூர்ப் பக்கத்திலும் இருந்த கிறிஸ்தவர்களைச் சேர்த்து, வருஷத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து ஏதாவது ஒரு பெரிய கோயிலுக்கு அழைத்துப் போவார். இந்த எண்பத்திரண்டாம் வருஷம் மெட்ராஸில் சாந்தோம் பேராலயம் என்று முடிவானது. அதைக் கேட்டதும் ராணியம்மாள் மருந்தகத்துக்கு ஓடிவந்து, "சிஸ்டரம்மா, நானும் வர்றேன்" என்றாள். அவள் கும்பிடுவது காளியம்மனை. சிஸ்டருக்கு ஆச்சரியமாக இருந்தாலும் காரணம் கேட்கவில்லை. இடம் இருந்தது, ஏற்றிக்கொண்டார்.

காரணம் வேடியப்பன்தான். ராணியம்மாளின் புருஷன். மாசி மாதத்தில் ஒரு நாள் வனத்துறை ஆட்கள் அவர்கள் கொல்லைக்கு வந்து சாமைத்தாள் போரைப் பிரித்தார்கள். உள்ளே சந்தனக் கட்டைகள் இருந்தன. வேடியப்பன் அப்போது அமிர்திப் பக்கம் தேனெடுக்கப் போயிருந்தான். யாரோ ஓடிப்போய் அவனிடம் சொல்ல, அவன் வீட்டுக்கே வராமல் அப்படியே காட்டு வழியாக இறங்கிப் போனவன்தான். வேலூருக்குப் போனான் என்றார்கள், பெங்களூருக்குப் போனான் என்றார்கள். பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆடியில் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு லாரி பிடிபட்டது. அதில் மாட்டியவன் ராஜாக்கண்ணு. மலைக்குப் புளி வாங்க வருகிற தரகன். எங்கெங்கே யார் யார் போரில் கட்டையை ஒளித்து வைத்தேன் என்று அவனே சொல்லிவிட்டான். வேடியப்பனுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்பது வெளிவந்தது. ரேஞ்சரே ஆள் விட்டு, "உன் புருஷன் மேல இப்ப கேஸ் எதுவும் இல்லம்மா. வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். எங்கே என்று தெரிந்தால்தானே வரச் சொல்வதற்கு?

அந்த நேரத்தில்தான் ஊர்க்காரன் ரங்கன், அம்மாவை மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பி வந்தான். "சாந்தோம்னு ஒரு எடம். கடலோரத்துல இத்தாம்பெரிய வெள்ளக் கோயிலு. அதுல சாரம் கட்டி வேல செய்றாங்க. உச்சியில நின்னவன் நம்ம வேடியப்பன் மாதிரியே இருந்தான். பேரச் சொல்லிக் கூப்ட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்."

ரங்கன் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேலை முடிந்து சாரத்தைப் பிரித்திருப்பார்களோ என்று ராணியம்மாள் பயந்துகொண்டிருந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவர் தாண்டவராயனின் காக்கிச் சட்டை முதுகைப் பார்த்து, "அண்ணே, இன்னும் எத்தினி தூரம்?" என்று மறுபடியும் கேட்டாள்.

"பறந்தா போவ முடியும்? வருது, வருது" என்றார் அவர்.

பஸ் நின்ற இடத்தில் முதலில் தெரிந்தது கோபுரம். வெள்ளை வெளேரென்று, கூர்மையாக, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். மற்றப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். ராணியம்மாள் சாரத்தைத்தான் தேடினாள். பக்கவாட்டுச் சுவரில் இருந்தது. சவுக்குக் கம்புகளைக் கயிறு போட்டுக் கட்டி, கூரை வரைக்கும் ஏற்றியிருந்தார்கள். மேலே யாரும் இல்லை. கீழே சுண்ணாம்பு கரைத்த தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் மணல் சலித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மேல வேல செய்றவங்கள்லாம் எங்க?"

"உள்ள கண்ணாடி தொடைக்கிறாங்க. சில பேரு சாப்புடப் போயிருப்பாங்க. யாரு வோணும்?"

பெயரைச் சொல்ல ராணியம்மாளுக்குத் தயக்கமாக இருந்தது. அவன் இங்கே என்ன பெயரில் இருக்கிறானோ! "சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று நின்றுபோனது. தலைக்கு மேலே மரக் கூரை, கவிழ்த்துப் போட்ட பெரிய படகு மாதிரி நீண்டு போனது. இரண்டு பக்கமும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். சிவப்பும் நீலமும் தரையில் விழுந்து, நடக்கிறவர்களின் கால்மேல் ஏறி இறங்கின. சிஸ்டர் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். சுவரில் இருந்த சிலுவைப் பாதைப் படங்களுக்கு முன்னால் நின்றார்கள். மரத்தில் செதுக்கிய மாதா சிலைக்கு முன்னால் மண்டியிட்டார்கள். மிகப் பழைய சிலை, கடல் தாண்டி வந்தது என்றார் சிஸ்டர். ஒரு கிழவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராணியம்மாளும் கையைக் கூப்பினாள். ஆனால் கண் மாதாவின் முகத்தில் நிற்கவில்லை. தூண்களுக்கு இடையே தெரிந்த ஆளில்லாத மூங்கில் சாரத்தின் மேலேயே போய்ப் போய் வந்தது.

பீடத்துக்கு மேலே இருந்த பெரிய ஜன்னலைக் காட்டி சிஸ்டர் நின்றார். "இதுதான் தோமையார். இயேசுவோட சீடர்ல ஒருத்தர். இயேசு உயிரோட எழுந்து வந்துட்டாருன்னு மத்தவங்க சொன்னப்போ இவரு நம்பல. 'ஆணி அடிச்ச காயத்துல என் வெரல வச்சுப் பாத்தாத்தான் நம்புவேன்'னாரு. இயேசுவே வந்து, 'வா, தொட்டுப் பாரு'ன்னு கூப்பிட்டாரு. அந்தத் தோமையாரோட கல்லறை மேலதான் இந்தக் கோயிலக் கட்டியிருக்காங்க. வாங்க, கீழ போய்ப் பாக்கலாம்."

குறுகலான படிகளில் எல்லாரும் இறங்கினார்கள். ராணியம்மாளுக்கு இறங்கவே மனமில்லை. நாம் கீழே இருக்கிற நேரத்தில் அவன் மேலே வந்துவிட்டுப் போய்விட்டால்? பின்னால் வந்தவர்கள் தள்ளியதில் இறங்க வேண்டியதாயிற்று. கீழே ஒரு சின்ன அறை, மெழுகுவத்தி வாசனை, வியர்வை. ஒரு பேழைக்குள் பழைய ஈட்டி முனை ஒன்றை வைத்திருந்தார்கள். தோமையாரைக் குத்தியது அதுதான் என்று சொல்லக் கேட்டுப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ராணியம்மாளுக்கு மூச்சு முட்டியது. தலைக்கு மேலே ஏதோ உரசுகிற சத்தம் கேட்டதுபோல் இருந்தது. "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று எல்லாரையும் இடித்துக்கொண்டு படியேறினாள்.

சத்தம் நிஜம்தான். கோயிலுக்குள் இருந்த சாரத்தின் உச்சிப் பலகையில் ஒருவன் குந்தி உட்கார்ந்து, ஜன்னலின் ஈயப் பட்டைகளுக்கு நடுவே படிந்திருந்த உப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. பலகைக்கு வெளியே நீட்டியிருந்த பாதம் தெரிந்தது. இடது கால் பெருவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி வளைந்திருந்தது. மலைத்தேன் எடுக்கப் பாறையில் இறங்கியபோது கயிறு சுற்றி நசுங்கிய விரல் அது. பச்சிலை வைத்துக் கட்டினவளே அவள்தான்.

கூப்பிட வாய் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து, பின்னால் வந்து நின்ற தாண்டவராயன், "ஏம்மா, நீ இன்னா தனியா வந்துட்ட? சிஸ்டர் தேடுறாங்க" என்று உரக்கச் சொன்னார்.

மேலே இருந்தவன் திரும்பிப் பார்த்தான். வேடியப்பன்தான். தாடி வளர்ந்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. அவன் கண் முதலில் ராணியம்மாள்மேல் விழுந்தது. ஒரு நொடி முகம் மலர்ந்ததுபோல்தான் இருந்தது. அடுத்த நொடி அவளுக்குப் பக்கத்தில் நின்ற காக்கிச் சட்டையைப் பார்த்தான். துணியைப் போட்டுவிட்டு எழுந்தான். பலகை ஆடியது. திறந்திருந்த ஒரு ஜன்னல் வழியாக வெளிச் சாரத்துக்குத் தாவினான்.

"யோவ்! ஓடாதய்யா! ஓடாத!"

அவள் போட்ட கூச்சல் அந்தக் கூரை முழுக்கச் சுற்றிவிட்டு வந்தது. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கோயில் வேலையைக் கவனிக்கும் கோயில்பிள்ளை ஒருவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வேகமாக வந்தார். ராணியம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கவாசல் வழியாக ஓடினாள்.

வெளிச் சாரத்தில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மணல் சலித்த பெண் கையை நீட்டி, "பின்னாடி கடலுப் பக்கம் ஓடுறான். இன்னாம்மா, திருடனா?" என்றாள்.

"என் வூட்டுக்காரரு!" என்று கத்திக்கொண்டே ராணியம்மாள் ஓடினாள்.

கோயிலுக்குப் பின்னால் மீனவர் குடிசைகள். அதைத் தாண்டினால் மணல். அவள் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. அது எதிரே அவ்வளவு பெரிதாக விரிந்து கிடக்க, அவள் கட்டுமரங்களுக்கு இடையே குனிந்து குனிந்து தேடினாள். மணலில் கால் புதைந்தது. மலையேறிப் பழகிய காலுக்கு இந்தச் சமதரை ஓட்டம் பெரிய பாடாக இருந்தது. வலை காயப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தின் மறைவில் அவன் மூச்சிரைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"கூட்டியாந்துட்டியா?" என்றான். "நீயே கூட்டியாந்து காட்டிக் குடுத்துட்ட, இல்ல?"

"யார?"

"அந்தக் காக்கிச் சட்டையத்தான்."

"அது பஸ் டிரைவருய்யா! போளூர் ஆளு. பஸ் ஓட்றவரு!" ராணியம்மாளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "எட்டு மாசமா உயிரோட கீறியா இல்லியான்னு தெரியாம நான் நாயா அலையறேன். நீ டிரைவரப் பாத்துட்டு ஓடற."

அவன் எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை. ஒரு நாய் மட்டும் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ராஜாக்கண்ணு பிடிபட்டது, அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டது, ரேஞ்சர் சொல்லி அனுப்பியது. வேடியப்பன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

"என்ன வரவழைக்க அப்டிச் சொல்லியிருப்பாங்க. உன்ன ஏமாத்தியிருப்பாங்க."

"என் பொண்ணு மேல சத்தியம்."

"பாஞ்சாலைய இதுல இழுக்காத." மகளின் பெயரைச் சொன்னதும் அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கேட்டான்: "அவங்க போரப் பிரிச்சப்போ நீ இன்னா சொன்ன? 'எனக்கு ஒண்ணும் தெரியாது, அந்தாளத்தான் கேக்கணும்'னு சொன்னியாமே. அமிர்தியில வந்து சொன்னவன் அதையும் சேத்துத்தான் சொன்னான்."

ராணியம்மாள் மணலில் உட்கார்ந்தாள். இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது இதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகூட வைத்திருந்தாள். அதை இப்போது விட்டுவிட்டாள்.

"சொன்னேன்" என்றாள். "பயத்துல சொன்னேன்."

"நான்தான் வச்சேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன். ராஜாக்கண்ணு மாட்டினான்னு கேள்விப்பட்ற வரைக்கும் நெனச்சேன். மூடி மறச்சு இன்னா ஆவப்போவுது? அந்த மாசம் பூரா நீ நேரங்கெட்ட நேரத்துல வூட்டுக்கு வந்த. எங்க போனன்னு கேட்டா எரிஞ்சு விழுந்த. நான் வேற இன்னாத்த நெனைக்கறது?"

வேடியப்பன் மணலை ஒரு கை அள்ளி, விரலிடுக்கில் ஒழுக விட்டான்.

"சீட்டாடப் போனேன்" என்றான் மெதுவாக. "அந்த ராஜாக்கண்ணு கூடத்தான். அவன் நம்ம கொல்லையில வந்து படுத்துக்கிறேன்னப்போ சரின்னேன். அவன் போருக்குள்ள இன்னா வச்சான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவன அங்க விட்டது நான்தான். அத்த வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. சொன்னா எவன் நம்புவான்னுதான் ஓடினேன்."

அலை வந்து வந்து போனது. அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவன் தாடியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள பெரிய கண்ணாடியில ஒரு ஆளு வெரல நீட்டிக்கினு நிப்பாரே, பாத்தியா?" என்றான் வேடியப்பன்.

"சிஸ்டரம்மா கத சொன்னாங்க. நான் எங்க பாத்தேன்? உன்னத்தான தேடினேன்."

"நான் பக்கத்துல பாத்தேன். அவரு மூஞ்சியத் தொடைச்சதே நான்தான். மொத வாரம் எனக்கு அவர் மேல கோவம் கோவமா வந்துச்சு. கூடவே இருந்தவன், சோறு தின்னவன், அவனே நம்பலன்னா இன்னா மனுஷன்னு. மேஸ்திரி கிட்டச் சொன்னேன். அவரு கிறிஸ்டியனு. சிரிச்சாரு. 'நம்பாதவனுக்குத்தான்யா இத்தாம்பெரிய கோயிலு கட்டியிருக்குது'ன்னாரு." வேடியப்பன் அவளைப் பார்த்தான். "அன்னிலேர்ந்து உன் மேல இருந்த கோவம் கொறஞ்சிச்சு. வூட்டுக்கு வரத்தான் தைரியம் வரல."

ராணியம்மாள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். "இப்ப வா" என்றாள்.

பதில் சொல்வதற்கு முன் சாலையிலிருந்து பஸ் ஹாரன் கேட்டது. விட்டுவிட்டு நீளமாக அடித்துக்கொண்டேயிருந்தது.

"நீ போய் ஏறு. மேஸ்திரி கிட்டச் சொல்லிட்டு வர்றேன்" என்று வேடியப்பன் எழுந்தான்.

"வருவியா?"

"வர்றேன்னு சொல்றேனில்ல?"

அவள் பஸ்ஸுக்கு வந்தபோது எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் படியில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ராணியம்மாள் அப்போதுதான், காக்கிச் சட்டையைப் பார்த்து அவன் ஓடியது வரைக்கும், உண்மையைச் சொன்னாள். சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா நானே ஃபாதர்கிட்டச் சொல்லித் தேடியிருப்பேனே ராணி!"

"வேற யாராவது தேடினா ஓடிடுவாருன்னு பயந்தேம்மா. நானே தேடியும் ஓடினாரு."

காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் இருந்தவர்கள், போளூருக்கு எப்போது போய்ச் சேர்வது என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தாண்டவராயன் ஒரு பீடியைக் குடித்து முடித்து இன்னொன்றைப் பற்ற வைத்தார். ராணியம்மாள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். மறுபடியும் ஓடிவிட்டான் என்று ஒரு மனம் சொன்னது. இப்போதும் சந்தேகமா என்று இன்னொரு மனம் திட்டியது. கடைசியில் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, "நீங்க போங்க சிஸ்டரம்மா. உங்களுக்கு நேரமாவுது. நான் இங்கயே இருந்து கூட்டிக்கினு வர்றேன்" என்றாள்.

"தெரியாத ஊர்ல தனியா எப்படி இருப்ப?"

"அவரு இருந்தாரே."

அவள் கடைசிப் படியில் இருந்து காலை எடுத்து வைக்கும்போது கோயில் வாசலில் வேடியப்பன் தெரிந்தான். அடையாளமே மாறியிருந்தது. தாடியை மழித்து, தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தான். மோவாயில் கத்தி கிழித்த ரத்தம். தோளில் ஒரு சாக்குப்பை. பஸ்ஸுக்குள் இருந்த பெண்களைப் பார்த்துக் கூச்சத்தோடு, "அழுக்கோட எப்டி ஏறறதுன்னு..." என்றான்.

தாண்டவராயன் பீடியை எறிந்துவிட்டு, தன் காக்கிச் சட்டையை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். "யோவ், இது போலீசு சட்ட இல்ல. ஒக்காரு."

பஸ் முழுக்கச் சிரித்தது. வேடியப்பன் சிரிக்கவில்லை. ராணியம்மாள் காலையில் பிரிக்காமல் வைத்திருந்த புளிச்சோற்றை அவன் கையில் கொடுத்தாள். காஞ்சிபுரம் வரும்வரை ஒவ்வொரு பருக்கையாகத் தின்றுகொண்டு, மாடு எப்படி இருக்கிறது, ஏர் யார் ஓட்டினார்கள், பாஞ்சாலைக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தான். நடு நடுவே, "ரேஞ்சர் நெஜமாவே சொன்னாரா? ஒன்கிட்டயே சொன்னாரா?" என்றும் கேட்டான். ஒவ்வொரு தடவையும் அவள் முதலிலிருந்து சொன்னாள்.

போளூரில் மாதா கோயில் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து எழுந்து, காலை முதல் பஸ்ஸில் மலையேறினார்கள். மலைமேல் பஸ் நின்றதும் ராணியம்மாள் வீட்டுப் பாதைக்குத் திரும்பினாள். வேடியப்பன் திரும்பவில்லை.

"மொதல்ல பாரஸ்ட் ஆபீசுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"கொழந்தையப் பாத்துட்டுப் போயேன்யா. பக்கத்து வூட்டு மணியம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன். வழியப் பாத்துக்கினே இருக்கும்."

"அவளப் பாத்துட்டுப் போனா எனக்குக் காலு வராது. உள்ள வச்சுக்கிட்டாங்கன்னா இன்னா பண்றது? மொதல்ல அத்தக் கேட்டுடறேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ராணியம்மாள் ஆபீசுக்கு எதிரே இருந்த புளியமரத்தடியில் நின்றுகொண்டாள். அவன் வாசலில் கொஞ்சம் நின்றான், தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான், உள்ளே போனான். ஜீப் ஒன்று வந்து நின்றது. அவள் இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். ஜீப்பில் இருந்து இறங்கியவர் ஒரு வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டுப் போனார். உள்ளே யாரோ அதட்டுகிற குரல் கேட்டது. ராணியம்மாள் சாலையைத் தாண்டி வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

வேடியப்பன் வெளியே வந்தான்.

"இன்னா சொன்னாங்க? யாரு அதட்டினது?"

"'உன் பேர்ல ஒண்ணும் இல்ல, போ'ன்னாங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்கன்னேன். பாத்தாச்சு, போன்னாங்க. மறுபடியும் கேட்டேன். அதுக்குத்தான் திட்டினாங்க." அவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். துடைத்துவிட்டும் துண்டை முகத்தில் இருந்து எடுக்கவில்லை. ராணியம்மாள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவன் நடக்க ஆரம்பித்தான். முதலில் மெதுவாக, பாதை காட்டுக்குள் திரும்பியதும் வேகமாக. இருபுறமும் சாமைக் கொல்லைகள் கதிர் சாய்ந்து நின்றன. அறுப்புக்கு ஆள் சொல்ல வேண்டும் என்று அவள் பின்னால் இருந்து சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை. ஏற்றத்தில் கிட்டத்தட்ட ஓடினான்.

"மெதுவாப் போய்யா! எனக்கு மூச்சு வாங்குது!" என்று ராணியம்மாள் கத்தினாள்.

அவன் நிற்கவில்லை. மேட்டின் மறுபக்கம் மணியம்மாளின் வீடு. அங்கே நாய் குரைக்க ஆரம்பித்திருந்தது.